பந்தின் வேகமும் சிறுமியின் தோளும்: அமெரிக்கச் சொப்ற்போல் ஆட்டத்தில் வேக அளவீடு பற்றிய சில சிந்தனைகள்

விளையாட்டைப் பற்றிய எழுத்து நம்மிடையே பெரும்பாலும் செய்தி நிலையிலேயே நின்றுவிடுகின்றது. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதற்கப்பால், ஒரு விளையாட்டு மனித உடலை எவ்வாறு பயன்கொள்கின்றது, எதனை அளக்கின்றது, எதனை அளக்காது விடுகின்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை எழுப்புவதற்கு வாய்ப்பான ஒரு களமாக, ஐக்கிய அமெரிக்காவில் சிறுமியரும் இளம்பெண்களும் ஆடும் விரைவெறிச் சொப்ற்போல் ஆட்டத்தை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம். அவ்வாட்டத்தில் பந்தெறியும் வேகம் எவ்வாறு அளக்கப்படுகின்றது, எவ்வாறு வளர்க்கப்படுகின்றது, அந்த அளவீட்டின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பவற்றை நோக்குவதே நமது நோக்கமாகும்.

தொடங்குமுன் சொல்வழக்குப் பற்றி இரு குறிப்புகள் அவசியமாகின்றன. ‘மென்பந்து’ என்றால் இலங்கையில் ரெனிஸ் பந்தைக் கொண்டு ஆடும் கிரிக்கெற்றே எவர்க்கும் நினைவுக்கு வரும். ஆகவே அச்சொல்லைத் தவிர்த்துச் சொப்ற்போல் என்றே வழங்குகின்றோம். பௌதிகவியலார் ‘கதி’ எனக் குறிப்பதை, பொதுவழக்கை ஒட்டி, ‘வேகம்’ என்றே குறிக்கின்றோம்.

ஆட்டமும் அதன் சமூகப் பின்னணியும்

சொப்ற்போல் 1887ஆம் ஆண்டு சிக்காகோ நகரில், பேஸ்போலின் உள்ளரங்க வடிவமாகத் தோன்றியது. தளங்களைச் சுற்றியோடி ஓட்டம் பெறும் அதன் ஒழுங்கு, எல்லே ஆட்டத்தை அறிந்த எம்மவர்க்கு விளங்காததன்று. பேஸ்போலில் பந்து தோளுக்கு மேலாக எறியப்படும். சொப்ற்போலில் இடுப்புக்குக் கீழாக எறியப்படவேண்டும். இந்த விதிக்குட்பட்டு வேகத்தைத் தேடியவர்கள் கையைக் காற்றாடி போல் ஒரு முழு வட்டம் சுழற்றி எறியும் முறையைக் கண்டனர். இன்று இளம்பெண்கள் கைக்கொள்வது பெரும்பாலும் இம்முறையே.

இவ்வாட்டம் பெண்களின் ஆட்டமாக வளர்ந்தமை தற்செயலானதன்று. சிறுவர் பேஸ்போலை நடத்திய லிட்டில் லீக் அமைப்பின் கதவுகள் 1974 வரை சிறுமியருக்கு அடைபட்டே கிடந்தன. நீதிமன்றத்தின் தலையீட்டினால் அவை திறக்கப்பட்ட அதே ஆண்டிலேயே, சிறுமியருக்கெனத் தனியான சொப்ற்போல் பிரிவொன்றையும் அவ்வமைப்பு தொடக்கிற்று. உரிமை ஒரு கையால் வழங்கப்பட, வேறொரு பாதை மறு கையால் காட்டப்பட்டது எனலாம். எனினும் 1972இல் நிறைவேறிய கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, அரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன் பயனாகப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கான அணிகளை உருவாக்கின. 1982இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான முதலாவது சொப்ற்போல் வாகையர் போட்டியை நடத்திற்று. 1996இல் இவ்வாட்டம் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

பல்கலைக்கழக அணி என்றால் புலமைப்பரிசில் என்பது பொருள். நீண்டகாலமாக முதற்பிரிவுப் பல்கலைக்கழகமொன்று தன் சொப்ற்போல் அணிக்கு அளிக்கக்கூடிய முழுப் புலமைப்பரிசில்கள் 12 என்ற வரம்பு இருந்துவந்தது. இச்சிறு தொகையை நோக்கிப் பல்லாயிரம் குடும்பங்கள் தனிப்பயிற்சிக்கும் ஊர்விட்டு ஊர் செல்லும் போட்டிகளுக்கும் பணம் செலவிடுகின்றன. பல நூறு சிறுமியருள் ஒருத்தியைத் தெரிவுசெய்ய வேண்டிய பயிற்றுநருக்கு விரைவில் கிட்டும் அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. அந்த அளவுகோலாகவே எறிவேகம் அமைந்துவிட்டது.

தூரமும் நேரமும்

எறிவேகத்தை அதன் எண்ணை மட்டும் கொண்டு மதிப்பிடுதல் தவறாகும். துடுப்பாளருக்கு முக்கியமானது பந்தின் வேகமன்று. பந்து தன்னை அடையுமுன் தனக்குக் கிடைக்கும் நேரமே. உயர்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் எறிதகட்டுக்கும் துடுப்பாளர் நிற்கும் தளத்துக்கும் இடையே 43 அடி, அதாவது 13.1 மீற்றர் தூரம் உண்டு. பேஸ்போலில் அத்தூரம் 60 அடி 6 அங்குலமாகும். எறிபவர் முன்னோக்கிக் காலெடுத்து வைத்து எறிவதனால் பந்து கையை விட்டு நீங்கும் இடம் எறிதகட்டிலிருந்து ஏறக்குறைய 6 அடி முன்னே இருப்பதாகக் கொள்வோம். அப்பொழுது மணிக்கு 60 மைல் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 26.8 மீற்றர் வேகத்தில், எறியப்படும் சொப்ற்போல் பந்து துடுப்பாளரை அடைய 0.42 செக்கன் அளவே எடுக்கும். பேஸ்போலில் துடுப்பாளருக்கு இதே நேரம் கிடைக்கவேண்டுமாயின் பந்து மணிக்கு ஏறக்குறைய 88 மைல் வேகத்தில் வரவேண்டும்.

2004ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு காட்சி ஆட்டத்தில், பேஸ்போல் உலகின் முன்னணித் துடுப்பாளர்களில் ஒருவரான அல்பர்ட் புஹோல்ஸ், ஜெனி ஃபின்ச் எறிந்த சொப்ற்போல் பந்தைத் தொடமுடியாது ஆட்டமிழந்தார். பார்த்தோர் வியந்தனர். ஆனால் இதில் மாயம் எதுவுமில்லை. மேலிருந்து கீழ்நோக்கி வரும் பந்துக்குப் பழகிய கண், இடுப்பின் மட்டத்திலிருந்து புறப்படும் பந்தின் பாதையை முன்கூட்டி உணரமுடியாது தடுமாறிற்று என்பதே உண்மை. தொலைக்காட்சியில் கூறப்படும் ‘இது பேஸ்போலில் இத்தனை மைலுக்குச் சமம்’ என்னும் ஒப்பீடுகள் நேரத்தைப் பற்றியவை. அவற்றைப் பந்தின் உண்மையான வேகமாகக் கொள்வோர் ஏமாறுவர்.

சிறுமியரின் நிலையில் தூரத்தின் முக்கியத்துவம் இன்னும் தெளிவாகும். பத்து வயதுக்குட்பட்டோர் 35 அடியிலிருந்தும், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் 40 அடியிலிருந்தும் எறிகின்றனர். பந்து எறிதகட்டுக்கு 5 அடி முன்னே கையை விட்டு நீங்குவதாகக் கொண்டால், 35 அடித் தூரத்தில் மணிக்கு 45 மைல் வேகத்தில் எறியும் சிறுமியின் பந்து 0.45 செக்கனில் துடுப்பாளரை அடையும். அவள் அடுத்த வயதுப் பிரிவுக்குச் சென்றதும் அதே வேகத்தில் அதே பந்து 0.53 செக்கன் எடுக்கும். முந்திய நேரத்தை மீண்டும் எட்ட அவள் மணிக்கு 52 மைலுக்குச் சற்று மேலாக எறியவேண்டும். பிறந்தநாள் ஒன்று கழிந்ததன்றி அவளிடத்தில் எந்தக் குறையும் நேரவில்லை. எனினும் சென்ற ஆண்டு வெற்றிபெற்ற அவளுடைய பந்துகள் இவ்வாண்டு அடிபடுகின்றன. ‘வேகம் போதாது’ என்ற கூக்குரல் எழுவது பெரும்பாலும் இவ்வேளையிலேயே என்பது கவனத்திற்குரியது.

கருவி எதனை அளக்கின்றது?

வேகத்தை அளக்கும் ராடர் கருவி முதலில் பொலிசாரின் கையிலேயே இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஸ்போல் பயிற்றுநராக இருந்த டனி லிட்வைலர் 1974இல் அதனைப் பந்தெறிவாளரிடம் பயன்படுத்தத் தொடங்கினார். வீதியில் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பிறந்த கருவி, திடலில் வேகத்தைத் தூண்டும் கருவியாக மாறிற்று.

இக்கருவி டொப்ளர் விளைவை அடிப்படையாகக் கொண்டது. நம்மை நோக்கி வரும் புகையிரதத்தின் ஊதல் ஒலி உயர்ந்தும், கடந்து செல்கையில் தாழ்ந்தும் கேட்பதை யாவரும் அறிவோம். அவ்வாறே கருவி அனுப்பும் மின்காந்த அலை நகரும் பந்தில் பட்டுத் திரும்புகையில் அதன் மீடிறன் சிறிது மாறுகின்றது. செக்கனுக்கு ஏறத்தாழ 2,410 கோடி அதிர்வுகளைக் கொண்ட அலையைப் பயன்படுத்தும் கருவியில், மணிக்கு 60 மைல் வேகமுள்ள பந்து ஏற்படுத்தும் மாற்றம் செக்கனுக்கு 4,300 அதிர்வுகளளவே. இத்துணைச் சிறிய மாற்றத்தைப் பிரித்தறிவது பொறியியலின் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கருவி துல்லியமானது என்பதும், அதன் வாசிப்பிலிருந்து நாம் எடுக்கும் முடிவு சரியானது என்பதும் ஒன்றல்ல. மூன்று காரணங்களை இங்கு சுட்டலாம்.

முதலாவது, கோணம். பந்தின் இயக்கத்தில் கருவியை நோக்கிய கூறு மட்டுமே அளக்கப்படுகின்றது. கருவி பந்தின் பாதைக்கு 10 பாகை விலகியிருந்தால் 60 மைல் 59 மைலாகத் தோன்றும். 20 பாகை விலகின் 56 மைலளவாகும். 30 பாகை விலகின் 52 மைலேயாகும். கோணத்தால் வரும் இவ்வழு எப்பொழுதும் வேகத்தைக் குறைத்தே காட்டும். ஆகவே சென்ற வாரம் பக்கவாட்டில் நின்று அளந்த தந்தை, இவ்வாரம் வலைக்கு நேர்பின்னே நின்று அளந்தால், மகள் ‘முன்னேறியதாக’ எண்ணி மகிழக்கூடும். முன்னேறியது மகளல்ல, தந்தை நின்ற இடமே.

இரண்டாவது, அளக்கும் புள்ளி. கையை விட்டு நீங்கிய கணத்திலிருந்தே வளித்தடையினால் பந்து வேகமிழக்கின்றது. 12 அங்குலச் சுற்றளவும் 190 கிராம் அளவான திணிவும் கொண்ட பந்துக்கு, மணிக்கு 60 மைல் வேகத்தில், இவ்விழப்பு துடுப்பாளரை அடையுமுன் 5 மைலளவாகும் என்பது நமது கணிப்பு. பெரும்பாலான கருவிகள் தாம் கண்ட உச்ச வேகத்தைக் காட்டுகின்றன. பந்து தளத்தை அணுகும் வேளையில் அளக்கப்பட்ட வேகத்தை அதனோடு ஒப்பிடுதல் பொருந்தாது. 2012இல் மொனிக்கா அபொட் மணிக்கு 77 மைல் வேகத்தில் எறிந்தமை கின்னஸ் ஏட்டில் பதிவாயிற்று. 2025இல் டென்னசிப் பல்கலைக்கழகத்தின் கார்லின் பிக்கென்ஸின் ஓர் எறி 79.4 மைலாக அளக்கப்பட்டது. இருவரும் வியத்தகு வீராங்கனைகள். ஆனால் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கருவிகள் தந்த எண்களைக் கொண்டு இருவரின் உயர்வு தாழ்வைத் தசமப் புள்ளிவரை தீர்மானிப்பது அறிவியலாகாது.

மூன்றாவது, எறிக்கு எறி நேரும் வேறுபாடு. ஒரு சிறுமி எறிந்த பத்துப் பந்துகளின் வாசிப்புகள் 44, 45, 46, 46, 46, 47, 47, 47, 48, 49 என்று கொள்வோம். பெற்றோர் நினைவில் நிற்பது 49. அவளுடைய நிலையை உணர்த்துவது இடையமாகிய 46.5. அடுத்த மாதம் உச்ச எண் 50 ஆகி இடையம் மாறாதிருந்தால் அவள் முன்னேறவில்லை. உச்ச எண் 48 ஆகக் குறைந்து இடையம் 47.5 ஆகியிருந்தால் அவள் முன்னேறியுள்ளாள். ஆனால் முன்னைய மாதத்தில் பாராட்டும் பின்னைய மாதத்தில் கடிந்துரையுமே அவளுக்குக் கிடைக்கும்.

கருவி வாங்க வசதியற்றோருக்கும் வழியுண்டு. நிறுத்தற் கடிகாரம் இதற்குப் பயன்படாது, 0.42 செக்கனை அளக்கையில் விரலின் தாமதத்தால் 0.1 செக்கன் பிசகினால், 60 மைல் 48 ஆகவோ 79 ஆகவோ தோன்றலாம். ஆனால் செக்கனுக்கு 240 படங்களைப் பதியும் கமரா இன்று பல கைத்தொலைபேசிகளிலேயே உண்டு. பக்கவாட்டில் நின்று பதிந்து, பந்து கையை விட்ட படத்துக்கும் கையுறையை அடைந்த படத்துக்கும் இடைப்பட்ட படங்களை எண்ணினால், ஒரு படம் பிசகினும் வழு நூற்றுக்கு ஒன்றளவே. இது தருவது பாதை முழுவதற்குமான சராசரி வேகம் என்பதை மட்டும் மறத்தலாகாது.

வேகம் எங்கே பிறக்கின்றது?

பந்தெறிவதைக் கண்ணுறுவோருக்குச் சுழலும் கையே தெரிகின்றது. எனவே வேகம் கையில் பிறப்பதாக எண்ணுவது இயல்பு. உண்மையில் அது நிலத்தில் பிறக்கின்றது. பின்கால் எறிதகட்டை உந்த, உடல் முன்னோக்கிப் பாய்கின்றது. கை வட்டத்தின் மேற்பகுதியை நோக்கி எழும்போது உடல் பக்கவாட்டாகத் திரும்புகின்றது. முன்கால் நிலத்தில் உறுதியாக ஊன்றி உடலின் பாய்ச்சலைத் தடுக்கின்றது. அத்தடுப்பே முக்கியமானது. ஓடும் பேருந்து திடீரென நிற்கையில் உள்ளிருப்போர் முன்னே தள்ளப்படுவதைப் போல, நின்றுபோன கால்களின் உந்தம் இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முண்டத்துக்கும், அங்கிருந்து மேற்கைக்கும் முன்கைக்கும் கடத்தப்பட்டு, இறுதியில் விரல் நுனிக்கு வருகின்றது. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்திய உறுப்பு வேகம் தணியும் வேளையில் தன் உச்ச வேகத்தை எட்டவேண்டும். இவ்வொழுங்கு குலைந்தால் வேகம் குறையும். அல்லது, குறைந்ததை ஈடுசெய்யத் தோள் மிகையாக உழைக்கும். பின்னதே ஆபத்தானது. ஏனெனில் ராடர் கருவியில் இரண்டுக்கும் ஒரே எண்ணே தோன்றும்.

வேகம் கூடும்போது உடல் செலுத்தும் விலை எவ்வாறு கூடுகின்றது என்பதை எளிய பௌதிகத்தாலேயே காட்டலாம். வட்டப்பாதையில் பந்தைப் பிடித்திருக்கத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமானது. 0.6 மீற்றர் நீளமுள்ள கையால் மணிக்கு 45 மைல் வேகத்தில் எறியும் சிறுமியின் கை, பந்தின் பொருட்டு மட்டுமே ஏறக்குறைய 13 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையைத் தாங்கவேண்டும். கையின் சொந்தத் திணிவினால் ஏற்படும் விசை இதற்கு மேலதிகம். அவள் 50 மைலுக்கு முன்னேறினால் வேகம் நூற்றுக்கு 11 கூடுகின்றது. விசையோ நூற்றுக்கு 23 கூடுகின்றது. கருவி முதலாவது எண்ணைக் காட்டுகின்றது. இரண்டாவது எண் தோளுக்கு மட்டுமே தெரியும்.

‘இயல்பான அசைவு’ என்னும் நம்பிக்கை

கீழ்க்கையாக எறிவது உடலுக்கு இயல்பானது, ஆகவே தீங்கற்றது என்ற நம்பிக்கை அமெரிக்கத் திடல்களில் நெடுங்காலம் நிலவிற்று. இந்நம்பிக்கையின் விளைவு பாரதூரமானது. பேஸ்போல் அணி தன் பந்தெறிவாளர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். சொப்ற்போல் அணியிலோ ஒரே சிறுமி வார இறுதிப் போட்டியின் எல்லா ஆட்டங்களிலும் எறிவது வழக்கமாயிற்று. லிட்டில் லீக் அமைப்பு 2007இல் பேஸ்போல் சிறுவர்க்கு எறியெண்ணிக்கை வரம்பைக் கொணர்ந்தது. சொப்ற்போலில் சில அமைப்புகள் ஆட்டச்சுற்றுகளுக்கு வரம்பு வைத்தனவேயன்றி, எறிகளை எண்ணி நிறுத்தும் முறை பொதுவழக்காகவில்லை.

ஆய்வுகள் இந்நம்பிக்கைக்கு ஆதரவளிக்கவில்லை. 1989ஆம் ஆண்டுக் கல்லூரிப் போட்டியில் பங்குகொண்ட முன்னணி அணிகளின் 24 பந்தெறிவாளரிடம் நடத்திய ஆய்வில், பெரும்பாலானோர் காயமுற்றிருந்தமையும் அக்காயங்களுள் பெரும்பகுதி தோளையும் கையையும் சார்ந்தனவாக இருந்தமையும் வெளிப்பட்டது. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, காற்றாடி எறியின்போது தோளிலும் முழங்கையிலும் மூட்டு பிரிந்து செல்லாது தடுக்க உடல்நிறையின் 70 முதல் 98 வீதம் வரையான விசை தேவைப்படுவதைக் கண்டது. 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு, மேற்கையின் முன்புறத் தசை மேற்கையெறியைவிடக் காற்றாடி எறியிலேயே கூடுதலாகத் தொழிற்படுவதைக் காட்டிற்று. 2017இல் வெளியான ஆய்வொன்று இன்னும் நேரடியானது. போட்டியின் அடுத்தடுத்த நாட்களில் எறியும் சிறுமியரின் தோள்வலிமை நாளுக்கு நாள் குறைவதையும், வலி கூடுவதையும், இடையிலுள்ள ஓரிரவு ஓய்வு அவர்களை முழுமையாக மீட்காமையையும் அது நிறுவிற்று.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. பேஸ்போல் ஆடும் சிறுவரின் முழங்கை பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவர, சிறுமியின் தோள் ஏன் இத்தனை தாமதமாக ஆராயப்பட்டது? பெண்களின் ஆட்டம் பொழுதுபோக்கு, ஆண்களின் ஆட்டமே தொழில் என்ற மனப்பாங்கை இதிலிருந்து பிரித்து நோக்கமுடியாது. பணம் புழங்கிய இடத்தில் உடல் முதலீடாகக் கருதப்பட்டது; முதலீட்டைப் பாதுகாக்க ஆய்வும் விதியும் வந்தன. பணம் குறைந்த இடத்தில் ‘இயல்பு’ என்ற சொல்லே ஆய்வின் இடத்தை நிரப்பிற்று. பெண்ணின் உழைப்பை இயல்பென்று கூறி அதன் சுமையை மறைப்பது வீட்டிலும் வயலிலும் நாம் நன்கறிந்த வழக்கமே. விளையாட்டுத் திடல் அதற்கு விலக்காகவில்லை.

வேகத்தை வளர்க்கும் நெறி

இவற்றைக் கூறுவதனால் வேகத்தை வளர்த்தலே தவறு என்பது நமது கருத்தன்று. தன் உடலின் ஆற்றலை ஒரு சிறுமி கண்டறிவதில் உண்மையான விடுதலை உணர்வு உண்டு. அதனை முறையாகச் செய்வதெங்ஙனம் என்பதே கேள்வி.

முதலில், அளவீடு ஒழுங்குபடவேண்டும். ஒரே கருவி, ஒரே இடம், ஒரே தூரம், போதிய உடற்சூடேற்றத்தின் பின் பத்து எறிகள், அவற்றின் இடையம் என்ற முறையில் மாதமொரு முறை அளந்தாற் போதும். ஒவ்வோர் எறிக்கும் எண்ணைக் காட்டுதல் பயிற்சியன்று; அது சூதாட்டத்துக்கு ஒப்பானது. ஒரு மைல் வேறுபாடு கருவியின் வழுவுக்குள் அடங்கக்கூடியது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவதாக, சிறுமியை அவளுடைய கடந்த நிலையோடு ஒப்பிடவேண்டுமேயன்றி வயதுவாரியான அட்டவணையோடு ஒப்பிடலாகாது. பெண்பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதளவில் மிக விரைந்து உயர்கின்றனர். ஆனால் ஒருத்தி பத்திலும் மற்றொருத்தி பதினான்கிலும் அந்நிலையை எய்தலாம். ஒரே வயதுப் பிரிவில் ஏறக்குறைய முதிர்ந்த உடலும் குழந்தையின் உடலும் எதிரெதிரே நிற்கின்றன. விரைந்து உயரும் மாதங்களில் நீண்டுவிட்ட கைகால்களை மூளை புதிதாகப் பழகவேண்டியிருப்பதால் வேகம் தேங்கவோ சற்றுக் குறையவோ கூடும். அது சோம்பலன்று, வளர்ச்சியேயாகும்.

மூன்றாவதாக, பயிற்சியின் வரிசை. முதலில் அசைவின் ஒழுங்கு, அடுத்து கால், இடுப்பு, முதுகு, தோட்பட்டை ஆகியவற்றின் வலிமை, அதன்பின்னரே முழு விசையுடன் எறிதல். சிறு வயதில் குந்தியெழுதல், பாய்தல், உடல்நிறையைத் தாங்கும் பயிற்சிகள் ஆகியனவே போதுமானவை. பாரமான பந்துகளை எறிவித்து விரைவில் பயன்காண முயல்வது, வளரும் எலும்பின் முனைகளில் கடன் வாங்குவதாகும். பத்துப் பந்துகளை முழு மனத்துடன் எறிவது, களைத்த கையால் நூறு பந்துகளை எறிவதினும் மேலானது. களைத்த உடல் பழகுவது களைப்பின் அசைவையே.

நான்காவதாக, ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே. விளையாட்டு மருத்துவர்கள் முன்வைத்துள்ள பரிந்துரையொன்று, 10 முதல் 12 வயதினர் ஓர் ஆட்டத்தில் 65 எறிகளுக்கும் ஒரு நாளில் 95 எறிகளுக்கும் மேற்படலாகாது என்கின்றது. இதனைக் கைக்கொள்ள ராடர் கருவி வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் தாளும் போதும். அணிக்கு ஒருத்தியல்ல, மூவர் எறியக் கற்றிருந்தால் இவ்வரம்பு தானாகவே கைகூடும். அதுவரை ஓரத்தில் நின்ற இருவருக்கும் ஆட்டத்தில் இடம் கிடைக்கும். ஆண்டில் சில மாதங்களேனும் வேறு ஆட்டங்களில் ஈடுபடுவதும் நன்மை பயக்கும்.

ஐந்தாவதாக, வேகம் என்பதன் பொருளையே விரித்து நோக்கவேண்டும். துடுப்பாளரை ஏமாற்றுவது வேகம் மட்டுமன்று, வேகங்களுக்கிடையிலான வேறுபாடும் ஆகும். 52 மைலில் இரு பந்துகளை எறிந்தபின், அதே கைவீச்சில் 40 மைலில் ஒன்றை எறிபவள், எப்போதும் 55 மைலில் எறிபவளைவிடக் கடினமான எதிரியாகலாம். மெதுவான எறி தோளுக்கும் இதமானது. ஆனால் அதனைப் புகழ்ந்து காட்டும் கருவி எதுவும் சந்தையில் இல்லை.

இறுதியாக, வலி. பயிற்றுநர் கேட்பதற்கு முன்னரே சிறுமி தன் தோள்வலியைக் கூறக்கூடிய சூழல் இருத்தல் வேண்டும். வலியைச் சொன்னால் இடம் பறிபோகும் என்று அஞ்சும் சிறுமி மௌனம் காப்பாள். வலியும் ஒரு வாசிப்பே. எந்தக் கருவியினதையும் விட முந்தி வரும் வாசிப்பு அது.

முடிவாக

அளவீடு அறிவின் தொடக்கம் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் எதனை அளப்பது எளிதோ அதுவே முக்கியமானது என்ற மயக்கம், அளவீட்டோடு கூடவே பிறக்கின்றது. பந்தின் வேகத்தை அளப்பது எளிது. அது ஒரே எண். அந்த எண் விளம்பரத்தில் இடம்பெறும், பயிற்சிக் கட்டணத்தை நியாயப்படுத்தும், தெரிவாளரின் குறிப்பேட்டில் ஏறும். தோளின் களைப்பையோ, எறிகளின் தொகையையோ, ஓய்வின் போதாமையையோ காட்டும் எண்களை எவரும் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. எனவேதான் பந்தை அளந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் பந்தை எறியும் பிள்ளையை அளக்கும் பணி முற்றுப்பெறவில்லை.

பரீட்சைப் புள்ளியைக் கொண்டு பிள்ளையின் அறிவை மதிப்பிடும் ஒரு சமூகத்தில் வாழும் நமக்கு, இது தொலைதூரத் திடலொன்றின் பிரச்சினை மட்டுமன்று. வலைக்குப் பின்னால் கருவியுடன் நிற்பவரின் நிலையிலேயே நம்மில் பலரும் நிற்கின்றோம். எண்ணை நோக்கிய பின், ஒரு கணமேனும் கருவியைத் தாழ்த்தி, எறிந்த பிள்ளை தன் தோளை எவ்வாறு பிடித்திருக்கின்றாள் என்று நோக்குவோமாயின், அளவீடு அப்பொழுதுதான் தன் பணியைச் செய்யத் தொடங்கும்.